ஸ்ரீரங்கப்பட்டணத்தை முக்கால் மணி நேரத்தில் பார்க்காதீர்கள்

எட்டு வருஷத்துக்கு முன்பு வேலூரிலிருந்து கிளம்பிய ஒரு டூரிஸ்ட் பஸ்ஸில் மைசூர் போனோம். சாமுண்டி மலை, அரண்மனை, மிருகக்காட்சி சாலை, பிருந்தாவனம் என்று ஓடிக்கொண்டே இருந்தோம். நடுவில் ஒரு மதியம் மூன்று மணிக்கு ஒரு கோயில் வாசலில் இறக்கிவிட்டு, "முக்கால் மணி நேரம்தான், சீக்கிரம் வண்டிக்கு வந்துடுங்க" என்றார் உடன் வந்தவர். வரிசையில் நின்று பெருமாளைப் பார்த்துவிட்டு வெளியே வந்து ஒரு டீ குடிப்பதற்குள் ஹாரன் அடித்துவிட்டார்கள். எங்களுக்கு ஸ்ரீரங்கப்பட்டணம் அவ்வளவுதான். நாற்பது பேர் போன அந்த பஸ்ஸில், இறங்கி நின்ற இடம் ஒரு தீவு என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கும் வீட்டுக்கு வந்து மேப்பை விரித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. காவேரி இரண்டாகப் பிரிந்து இந்த ஊரை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு போய், ஐந்து கிலோமீட்டர் தள்ளி மறுபடி ஒன்றாகச் சேருகிறது.

அந்தக் குறை மனதில் இருந்துகொண்டே இருந்தது. இந்த முறை குடியரசு தின விடுமுறையோடு இரண்டு நாள் லீவு சேர்த்துக்கொண்டு, தீவிலேயே தங்குவது என்று முடிவுசெய்து போனோம். நான், வீட்டுக்காரர், ஏழாவது படிக்கும் மகள், 68 வயதான என் அம்மா. அம்மா பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயல், கல்யாணம் ஆகி வந்தது பள்ளிகொண்டா. அதனால் கன்னடம் நன்றாகப் பேசுவார். இந்தப் பயணத்தில் எத்தனை இடத்தில் அது கைகொடுத்தது என்று போகப் போகச் சொல்கிறேன்.

காட்பாடியில் ராத்திரி காவேரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலையில் மைசூர். பகலில் போக வேண்டுமென்றால் 2022 நவம்பரிலிருந்து ஓடும் வந்தே பாரத்தும் காட்பாடியில் நிற்கிறது. ராத்திரி வண்டியில் ஒரு லாபம் இருக்கிறது. மாண்டியா தாண்டியதும் எழுந்து கதவுப் பக்கம் வந்து பத்திரமாக நின்றுகொள்ளுங்கள். மைசூருக்குக் கொஞ்சம் முன்னால் ரயில் ஒரு பாலம் ஏறும், கீழே பாறைகளுக்கு நடுவே தண்ணீர். அப்புறம் ஊர், கோட்டை மதில், கோபுரம். சில நிமிஷத்தில் இன்னொரு பாலம், மறுபடி தண்ணீர். அந்த இரண்டு பாலத்துக்கு நடுவில் இருப்பதுதான் தீவு. அரையிருட்டில் பனி படர்ந்து கிடந்த அந்த ஆற்றைப் பார்த்ததும், "ஆயா, எழுந்து வா, ரெண்டு பக்கமும் ஆறு" என்று மகள் அம்மாவை உலுக்கி எழுப்பிவிட்டாள். ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் ஸ்டேஷன் உண்டு, கோட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் எல்லா வண்டியும் நிற்காது. மைசூரில் இறங்கி பஸ் பிடித்தால் அரை மணி நேரம், பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை.

தங்கிய இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கேதான் மனக்கஷ்டம். ஆற்றைப் பார்த்த அறை என்று ஆன்லைனில் போட்டோ காட்டி அதற்கென்று கூடுதலாகப் பணம் வாங்கியிருந்தார்கள். கதவைத் திறந்தால் ஜன்னலுக்கு எதிரில் ஜெனரேட்டர் கொட்டகை. நானும் வீட்டுக்காரரும் தமிழிலும் அரைகுறை இந்தியிலும் கேட்டபோது எல்லா அறையும் நிரம்பிவிட்டது என்றார்கள். அம்மா போய் உட்கார்ந்து, சத்தம் போடாமல், கன்னடத்தில் பத்து நிமிஷம் பேசினார். மாடியில் ஆற்றுப் பக்கம் ஒரு அறை கிடைத்தது. கன்னடம் தெரிந்த ஒருவர் கூட இல்லையென்றால் என்ன செய்திருப்போம்? முன்பதிவு செய்யும்போதே போன் பண்ணி, அறை எண்ணைக் கேட்டு, ஜன்னல் எந்தப் பக்கம் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். வெந்நீர் காலை இரண்டு மணி நேரம்தான் வந்தது. மற்றபடி படுக்கை சுத்தம், ஆட்கள் மரியாதை. சைக்கிள் கேட்டால் கொடுத்தார்கள், அது பெரிய உபகாரம்.

அறை மாறியதும் எல்லாக் கோபமும் போய்விட்டது. ஜன்னலுக்குக் கீழே பத்தடியில் படித்துறை, அதற்குக் கீழே காவேரி. பாலாற்றங்கரையில் பிறந்த எங்களுக்குத் தண்ணீர் ஓடுகிற ஆறு என்பது தினம் பார்க்கிற காட்சி இல்லை. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் முட்டிக்கொண்டு வந்தபோது ஊரே பாலத்தில் போய் நின்றது நினைவிருக்கும். எங்களுக்கு ஆறு என்றால் மணல், முள், அங்கங்கே தேங்கிய குட்டை. இங்கே யாரும் நின்று பார்க்கக்கூட இல்லாமல் ஆறு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பெண்மணி துணி அலசுகிறார், இரண்டு பையன்கள் தூண்டில் போடுகிறார்கள், நீர்க்காகம் ஒன்று பாறையில் சிறகை விரித்துக் காயவைக்கிறது. முதல் நாள் காலையில் எங்கேயும் போகவில்லை. நாலு பேரும் படியில் காலை நனைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

அப்போது மகள் கேட்டாள், "அம்மா, நம்ம தெருவுல வர்றதும் இந்தத் தண்ணிதானா?" ஆமாம். சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் "காவேரித் தண்ணி வந்துச்சா?" என்றுதான் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம். மேட்டூரிலிருந்து குழாய் போட்டு வேலூருக்குக் கொண்டுவருகிற தண்ணீர் அது. இந்தத் தீவைச் சுற்றி ஓடி, சிவசமுத்திரத்தில் விழுந்து, ஒகேனக்கல் தாண்டி, மேட்டூரில் நின்று, அப்புறம் எங்கள் குடத்துக்கு வருகிறது. குழாயடியில் குடத்தோடு காத்திருக்கிற தண்ணீரின் மேல் காலை வைத்து உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்ததும், அம்மா குனிந்து ஒரு கை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கோயிலுக்கு விடுமுறை நாளில் போகாதீர்கள். குடியரசு தினத்தன்று வரிசை தேர் நிற்கிற இடம் வரை வந்திருந்தது. நாங்கள் அதைப் பார்த்ததும் திரும்பிவிட்டு மறுநாள் காலை ஏழரைக்குப் போனோம், பத்து நிமிஷத்தில் சந்நிதி. காவேரியில் மூன்று தீவு, மூன்று ரங்கநாதர். இங்கே இருப்பவர் ஆதிரங்கர், சிவசமுத்திரத்தில் மத்தியரங்கர், நம் திருச்சி ஸ்ரீரங்கத்தில் அந்திய ரங்கர். கங்கர் காலத்தில், பொது ஆண்டு 984-ல் திருமலையா என்ற சிற்றரசர் கட்டத் தொடங்கியதாகக் கல்வெட்டு. பின்னால் ஹொய்சளர், விஜயநகரத்தார் எல்லாரும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். பள்ளிகொண்டாவில் பாலாற்றங்கரை உத்தர ரங்கநாதரைச் சின்ன வயதிலிருந்து பார்த்த கண்ணுக்கு, இவர் ஒரு பெரிய அண்ணன் மாதிரித் தெரிந்தார். அதே கிடை, அதே பாம்பணை, உருவம் மட்டும் இன்னும் பெரியது. உள்ளே வெளிச்சம் குறைவு, தூண்கள் நெருக்கம், கருங்கல் தரை சில்லென்று இருக்கும். அர்ச்சகர் ஆரத்தியைத் தலைமாட்டிலிருந்து திருவடி வரை மெதுவாகக் கொண்டுபோனார், அவசரமே படவில்லை. அன்றைக்கு டூரிஸ்ட் பஸ்ஸில் வந்தபோது இந்தத் திருமுகத்தைப் பார்த்ததாகவே நினைவில்லை.

கோயிலிலிருந்து கோட்டை மதிலை ஒட்டி நடக்கலாம், வெயிலுக்கு முன்னால். வேலூர்க்காரர்களுக்கு இந்த நடை மற்றவர்களுக்கு இருப்பதைவிட அதிகமாகப் படும். 1799 மே 4-ஆம் தேதி ஆங்கிலேயப் படை ஆற்றைக் கடந்து மதிலை உடைத்து உள்ளே வந்தது. இங்கிருந்து மைசூரை ஆண்ட திப்பு சுல்தான் சண்டையிலேயே விழுந்தார். அவர் உடல் கிடந்த இடத்தில் ஒரு சின்னக் கல்தான் நட்டிருக்கிறார்கள், சுற்றிலும் கம்பி வேலி. அவர் குடும்பத்தை எங்கே கொண்டுபோனார்கள்? நம் கோட்டைக்கு. வேலூர் கோட்டைக்குள் திப்பு மஹால், ஹைதர் மஹால் என்று சொல்லுகிறோமே, அங்கேதான் வைத்திருந்தார்கள். 1806 ஜூலை 10-ஆம் தேதி சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தபோது அந்தக் கோட்டையில் ஏறியது திப்புவின் கொடி. அதற்குப் பிறகுதான் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். வேலூர் மக்கான் சந்திப்பில் அந்தச் சிப்பாய்களின் நினைவுத் தூணைத் தினமும் பஸ்ஸிலிருந்து பார்க்கிறவள் நான். கதையின் முதல் பாதி இங்கே ஒரு சின்னக் கல்லாக நிற்கிறது. மகளிடம் இதைச் சொன்னபோது, "அப்போ நம்ம கோட்டைக்கு அவங்க இங்கேருந்துதான் நடந்து வந்தாங்களா?" என்றாள். எப்படி வந்திருப்பார்கள், எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று திரும்பி வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம்.

பெய்லி நிலவறை என்று ஒன்று ஆற்றுப் பக்கம் மதிலை ஒட்டி இருக்கிறது. செங்கல்லில் வளைவு வளைவாகக் கட்டிய பாதாள அறை. கைதிகளின் கையை நீட்டிச் சங்கிலியில் பிணைப்பதற்காகச் சுவரில் கல் பலகைகள், நடுவில் ஒரு பீரங்கி, அது மேலிருந்து கூரையை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது என்கிறார்கள். டிக்கெட் கிடையாது, ஐந்து நிமிஷம் போதும். அங்கேயிருந்து ஆற்றைப் பார்த்தபடி மதில் மேல் நின்றால்தான் இந்தத் தீவை ஏன் தலைநகராக வைத்தார்கள் என்று புரியும். அகழி வெட்டவே வேண்டாம், ஆறே அகழி.

தரியா தவுலத் பாகுக்கு ஒரு முழு மத்தியானத்தை ஒதுக்குங்கள். 1784-ல் திப்பு கட்டிய கோடைக்கால மாளிகை, பெரும்பாலும் தேக்கு மரம். வெளியிலிருந்து பார்த்தால் வெயில் தட்டி தொங்கவிட்ட பெரிய வீடு மாதிரிதான் தெரியும், அரண்மனை என்று சொல்லவே தோன்றாது. தட்டிக்குப் பின்னால் போனால் சுவர் முழுக்க ஓவியம், ஒரு சாண் இடம் விடாமல். மேற்குச் சுவரில் இருப்பது 1780 செப்டம்பரில் நடந்த பொள்ளிலூர்ப் போர். பொள்ளிலூர் வேறெங்கும் இல்லை, நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் புள்ளலூர்தான். ஆற்காடு, காவேரிப்பாக்கம் வழியாகக் காஞ்சிபுரம் போகிறவர்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருப்பீர்கள். திப்புவும் அவர் அப்பா ஹைதர் அலியும் யானை மேல், சிவப்புச் சட்டைக்காரர்கள் சதுரமாக நின்று சுற்றி வளைக்கப்பட்டிருக்கிறார்கள். நடுவில் வெடிமருந்து வண்டி வெடித்துப் பறக்கிறது. பல்லக்கில் ஆங்கிலேயப் படைத் தலைவர் கர்னல் பெய்லி உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார். அந்த பெய்லிதான் இங்கே கைதியாகக் கொண்டுவரப்பட்டு 1782-ல் இந்தத் தீவிலேயே இறந்தவர். நம் ஊர்ப்பக்கத்து வயல்வெளியில் நடந்த ஒரு சண்டையை இவ்வளவு தூரத்தில், ஒரு மாளிகைச் சுவரில், ஒவ்வொரு குதிரையும் ஒவ்வொரு முகமுமாகப் பார்ப்பது எனக்குச் சொல்ல முடியாத அனுபவம். பொறுமையாக ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரம் வரை நடந்து பாருங்கள். உள்ளே போட்டோ எடுக்கவிடமாட்டார்கள், அதுவும் நல்லதுதான், எல்லாரும் கண்ணால் பார்க்கிறார்கள்.

குறை என்றால், விளக்கிச் சொல்ல சரியான பலகை இல்லை. நாலு வரி ஆங்கிலம், நாலு வரி கன்னடம். போகிறதுக்கு முன்னால் பொள்ளிலூர்ப் போரைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள், இல்லையென்றால் வெறும் குதிரையும் யானையுமாகத்தான் தெரியும். தோட்டம் சுத்தமாக இருக்கிறது. புல்தரையில் அம்மா மாதிரி வயதானவர்கள் உட்கார்ந்து ஓய்வெடுக்க நிழல் நிறைய.

அங்கிருந்து கிழக்கே தீவின் முனையை நோக்கிப் போகும் வழியில் கும்பஸ். ஹைதர் அலி, அவர் மனைவி, திப்பு மூவரின் சமாதி. ஹைதர் 1782 டிசம்பரில் இறந்தது சித்தூருக்குப் பக்கத்தில் நரசிங்கராயன்பேட்டையில். சித்தூர் 1911 வரை எங்கள் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது, காட்பாடியிலிருந்து இன்றைக்கும் ஒரு மணி நேரப் பயணம். எங்கள் பக்கத்து மண்ணில் இறந்தவர் இந்தத் தீவில் தூங்குகிறார். சுற்றிலும் கண்ணாடி மாதிரி மெருகேற்றிய கருங்கல் தூண்கள், உள்சுவரில் புலிவரி. எல்லா மதத்துக்காரர்களும் வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். மல்லிகைப் பூ வாசனை. நாங்கள் போனபோது ஒரு பெரியவர் மயிலிறகால் எல்லார் தலையிலும் தொட்டு ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார். அம்மா நின்று வாங்கிக்கொண்டார்.

தீவு முடிகிற இடம்தான் சங்கமம். இரண்டு கிளையும் மறுபடி சேருகிற முனை. இங்கே எனக்கு மகிழ்ச்சியும் வருத்தமும் சேர்ந்தே வந்தது. இடம் அவ்வளவு அழகு, இரண்டு பக்கத்திலிருந்தும் தண்ணீர் வந்து நடுவில் ஒரு கோடு போட்ட மாதிரி கலக்கிறது, பரிசல் வட்டமிடுகிறது. ஆனால் படியெல்லாம் பழைய துணி, பிளாஸ்டிக் கவர், பேப்பர் தட்டு. சடங்கு முடித்துவிட்டு உடுத்தியதை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். கீழே நாம் குடிக்கப்போகிற தண்ணீர் அது. தயவுசெய்து யாரும் எதையும் ஆற்றில் விடாதீர்கள், ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து வெளியே போடுங்கள். இன்னொன்றும் முக்கியம். தண்ணீர் ஆழம் இல்லாத மாதிரித் தெரியும், ஆனால் சுழல் இருக்கிறது, பாறை வழுக்கும். நாங்கள் இடுப்பளவுக்குக்கூட இறங்கவில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது, ஆறு பார்த்த சந்தோஷத்தில் குதித்துவிடப் போகிறார்கள், பிடித்துக்கொள்ளுங்கள்.

பரிசலுக்கு ஏறும் முன்பே பேசிவிடுங்கள். ஆளுக்கு எவ்வளவு, எவ்வளவு நேரம், எதுவரை என்று மூன்றையும் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். எங்களிடம் முதலில் ஒரு விலை சொல்லி, நடு ஆற்றில் போனதும் "சுத்திக் காட்டினால் தனி" என்றார் பரிசல்காரர். அம்மா கன்னடத்தில் ஊர் பேர், குடும்பம் எல்லாம் விசாரித்ததும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார், அதோடு கரையில் மீன் வறுக்கிற அவர் அக்கா கடையையும் காட்டினார். அந்த மீன், ஆற்று மீன், மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் போட்டுத் தட்டையான கல்லில் பொரித்தது. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டோம்.

சாப்பாட்டைப் பற்றி இன்னும் ஒன்று. கோட்டைக்கு வெளியே மெயின் ரோட்டில் உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுகிற சின்ன மெஸ் ஒன்றில் ராகி முத்தெ கிடைத்தது. நம் வீட்டுக் களிதான், ஆனால் நாம் நொய் போட்டுக் கிண்டுவோம், அவர்கள் வெறும் மாவிலேயே உருட்டுகிறார்கள், அதனால் வழவழவென்று தொண்டையில் இறங்குகிறது. கூட பஸ்ஸாரு, கீரையும் பருப்பும் வேகவைத்த தண்ணீரை வடித்துச் செய்கிற குழம்பு. ஆம்பூர் பிரியாணியும் களிக் கறிக்குழம்பும் சாப்பிட்டு வளர்ந்த எங்களுக்கு அது புது ருசி, மறுநாளும் அங்கேயே போனோம். பெரிய ஹோட்டல்களில் கிடைப்பது எங்கும் கிடைக்கிற சாப்பாடு, அதற்காக இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

இரண்டாம் நாள் ரங்கனத்திட்டு பறவைகள் சரணாலயம். ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர்தான், ஆட்டோவில் பத்து நிமிஷம். காலை முதல் படகுக்கே போய் நின்றுவிடுங்கள், வெயில் ஏறினால் பாதிப் பறவை கண்ணில் படாது. 1640-களில் கண்டீரவ நரசராஜ உடையார் ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை கட்டினார். தண்ணீர் உயர்ந்ததும் நடுவில் சின்னச் சின்னத் திட்டுகள் மிஞ்சின. அவற்றில் பறவைகள் வந்து கூடு கட்டின. பறவை ஆய்வாளர் சாலிம் அலி சொல்லி, 1940-ல் மைசூர் மன்னர் இதைச் சரணாலயமாக அறிவித்தார். 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. வயலுக்காகக் கட்டிய ஒரு அணையால் பறவைகளுக்கு ஒரு ஊரே கிடைத்திருக்கிறது.

படகு துடுப்புப் படகு, இஞ்சின் சத்தம் இல்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது உள்ளே போனதும் தெரிந்தது. திட்டை நெருங்க நெருங்க மரமெல்லாம் வெள்ளையாக அசைந்தது, பக்கத்தில் போனால் அத்தனையும் மஞ்சள் மூக்கு நாரை, கூட்டுக்குக் குச்சி சுமந்துகொண்டு. கரண்டிவாயன் தண்ணீரில் மூக்கை இப்படியும் அப்படியும் ஆட்டித் துழாவியது. நத்தை குத்தி நாரை, கூழைக்கடா, பாம்புத்தாரா என்று மகள் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள், பதினேழு பெயர். படகோட்டி அண்ணனுக்கு ஒவ்வொன்றின் பெயரும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் தெரிந்திருந்தது, எந்த மரத்தில் எத்தனை நாளாகக் கூடு என்பது வரை சொன்னார். ஒரு பாறையில் கட்டை கிடக்கிறது என்று நினைத்தேன், வாயைத் திறந்தது. முதலை. படகுக்கும் அதற்கும் நடுவில் எட்டடி இருந்திருக்கும். யாரும் மூச்சுவிடவில்லை. மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், பயத்தில் இல்லை, அது எழுந்து போய்விடக் கூடாதே என்று. படகு இருபது நிமிஷம்தான். இறங்கியதும் இன்னொரு டிக்கெட் எடுத்து மறுபடி ஏறிவிட்டோம். இந்த முழுப் பயணத்திலும் கொடுத்த காசுக்கு மேலே பத்து மடங்கு கிடைத்தது இங்கேதான்.

கேமரா பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்களுக்குத் தனிப் படகு உண்டு, நேரம் கூட, கட்டணமும் அதிகம். மழைக்காலத்தில் கிருஷ்ணராஜ சாகர் அணையிலிருந்து தண்ணீர் நிறையத் திறந்துவிட்டால் படகையே நிறுத்திவிடுவார்கள், ஜூலை ஆகஸ்டில் போகிறவர்கள் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு சிவசமுத்திரம். அதுவும் காவேரித் தீவுதான், அங்கேயும் ஆறு இரண்டாகப் பிரிந்து ககனசுக்கி, பரசுக்கி என்று இரண்டு அருவியாக விழுகிறது. ஜனவரியில் தண்ணீர் கொஞ்சம்தான். அருவிக்காக மட்டும் போகிறவர்கள் இந்த மாதத்தில் போக வேண்டாம். நாங்கள் போனது அம்மாவுக்காக. 1902-ல் இங்கே மின்சாரம் எடுத்து, நூற்று நாற்பது கிலோமீட்டருக்கும் மேலே கம்பி இழுத்துக் கோலார் தங்கவயலுக்குக் கொண்டுபோனார்கள். வட ஆற்காட்டிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் சுரங்க வேலைக்கு அங்கே போயின, என் தாத்தாவும் அப்படிப் போனவர்தான். "சிவசமுத்திரத்துக் கரண்ட்டுனு எங்கப்பா சொல்லுவாரு, நான் அது ஏதோ சாமி பேருன்னு நெனச்சேன்" என்றார் அம்மா. மேலே பார்வை மேடையில் நின்று, பள்ளத்தில் தெரிந்த அந்த மின் நிலையக் கட்டடத்தையும் மலைச்சரிவில் இறங்குகிற பெரிய குழாய்களையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டோ எடுக்கவா என்று கேட்டேன், தலையாட்டினார், ஆனால் கேமரா பக்கம் திரும்பவில்லை. அந்தப் படம் இருக்கிறது, அம்மாவின் முதுகும் அருவியும்.

வரும் வழியில் மாண்டியாப் பக்கம் முழுக்கக் கரும்பு, அங்கங்கே ரோட்டோரத்தில் வெல்ல ஆலை. இறங்கிச் சூடான பாகு குடித்தோம். எங்கள் ஊர்ப்பக்கம் அணைக்கட்டு, குடியாத்தத்து வெல்லம் தின்று பழகிய நாக்குக்கு இந்த வெல்லம் கொஞ்சம் உவர்ப்பு குறைவாகப் பட்டது. ஆனால் நிறம் அருமை. இரண்டு கிலோ வாங்கிவந்து பொங்கல் வைத்தேன், நன்றாகவே கரைந்தது.

வயதானவர்களோடு போகிறவர்கள் ஆட்டோவை அரை நாளுக்குப் பேசிக்கொள்ளுங்கள். எங்களிடம் ஆயிரம் கேட்டு எண்ணூறுக்கு வந்தார், தரியா தவுலத், கஞ்சாமில் நிமிஷாம்பாள் கோயில், கும்பஸ், சங்கமம் எல்லாம் காத்திருந்து காட்டினார். வெயிலில் தீவைச் சுற்றி நடப்பது அம்மா மாதிரி ஆட்களுக்கு முடியாது, நாங்கள் சைக்கிளை விடிகாலையில்தான் எடுத்தோம். மைசூர் அரண்மனை, பிருந்தாவனம் எல்லாம் இந்த முறை பார்க்கவே இல்லை, அதற்காக யாரும் வருத்தப்படவும் இல்லை. பிள்ளைகளுக்கு விளையாட்டும் கடைகளும் வேண்டும் என்பவர்களுக்குத் தீவில் மூன்று நாள் அதிகம், ஒரு ராத்திரி போதும். ஆனால் அந்த ஒரு ராத்திரியை மைசூரில் தங்காமல் இங்கே தங்குங்கள். டூரிஸ்ட் பஸ்கள் கிளம்பிப்போன பிறகு, ஐந்து மணிக்கு மேல்தான் தீவு தன் முகத்தைக் காட்டுகிறது. ஆற்றுக்குக் குறுக்கே 1804-ல் திவான் பூர்ணையா கட்டிய வெல்லெஸ்லி பாலம் ஒன்று இருக்கிறது, கல் தூண் மேல் கல் அடுக்கிய பழைய பாலம். சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்தால் ஆடு மேய்த்துவிட்டுத் திரும்புகிறவர்களும் நாரைக் கூட்டமும்தான், வேறு ஆளே இல்லை.

அணை நிரம்பித் தண்ணீர் திறக்கும்போது அந்தப் பாலத்துக்கு மேலேயே ஆறு போகும் என்று அங்கே ஒரு பெரியவர் சொன்னார். அதைப் பார்க்க ஆகஸ்டில் மறுபடி போகிறோம். காட்பாடியிலிருந்து டிக்கெட் எடுத்தாகிவிட்டது, மாடி அறையை அம்மாவே போன் பண்ணிச் சொல்லி வைத்துவிட்டார்.